திருநீறு வைக்காமல் வா

என் நெற்றி நடுவில் ஒரு பச்சைப் பொட்டு உண்டு. மிளகு அளவுதான். எனக்கு எட்டோ ஒன்பதோ வயதிருக்கும்போது எடப்பாடிச் சந்தையில் வைத்து என் அம்மா குத்தவிட்டது. கையில் தேளும் கோலமும் குத்திக்கொள்ளப் பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். பச்சை குத்துகிறவள் விளக்குக் கரியைத் தாய்ப்பாலில் குழைத்துக் கொட்டாங்குச்சியில் வைத்திருந்தாள். என் முறை வந்ததும் நான் கையை நீட்டினேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"கையில வேண்டாமுங்க. நெத்தியில வைங்க."

"நெத்தியில எலும்பு மேல குத்தோணும். புள்ள தாங்குமா?"

"தாங்கட்டும். குங்குமம் வேர்த்தா அழிஞ்சு போவுது. எம் புள்ள நெத்தி ஒரு நாளும் வெறுசா இருக்கக் கூடாது."

என் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஊசி இறங்குகிறபோதெல்லாம் நான் கத்துவதற்கு முன்பே அம்மா "முருகா, முருகா" என்று கத்தினாள். மஞ்சள் பூசி வீட்டுக்குக் கூட்டி வந்தாள். வழியில் பொரி உருண்டை வாங்கிக் கொடுத்தாள். மகள் கடைசிவரை சுமங்கலியாக இருக்க வேண்டும் என்று கேட்டு அவள் செய்த காரியம் அது. அதில் குற்றம் சொல்ல என்னால் இன்றும் முடியாது.

என்னைத் திருச்செங்கோட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் கிணற்றுக்குப் போர் போடுகிற ரிக் வண்டியில் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஆண்கள் பாதிப்பேர் அப்படித்தான். ஆந்திரா, ஒரிசா, ராஜஸ்தான் என்று வண்டி போன இடமெல்லாம் போவார்கள். தை மாதம் போனால் தீபாவளிக்குத்தான் முகத்தைப் பார்க்கலாம். அவர் என் பொட்டைக் கண்டால் கேலி செய்வார். "நீ குங்குமம் வெக்க மறந்தாக்கூட, எம் பொண்டாட்டி இல்லைன்னு சொல்லித் தப்பிக்க முடியாது பாத்துக்க" என்பார். நான் வெட்கப்பட்டு முந்தானையால் நெற்றியை மூடிக்கொள்வேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஆவணி மாதம், தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டார். கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். திருச்செங்கோட்டு மலைக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டு வைத்தேன். அம்மையப்பன் அவரைத் தன்னிடமே கூப்பிட்டுக்கொண்டான். எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது நிறையவில்லை. குழந்தை பார்த்துப் பயந்துகொள்ளும் என்று, அவளைப் பக்கத்து ஊரில் இருந்த என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் கூட்டி வந்தார்கள்.

காரியத்தன்று என்னை நடுவில் உட்கார வைத்து வளையலை உடைத்தார்கள். பூவை எடுத்தார்கள். அவருடைய பெரியம்மா ஈரத்துணியால் என் குங்குமத்தைத் துடைத்தார். துடைத்துவிட்டுப் பார்த்தால் நெற்றியில் இன்னும் பொட்டு இருக்கிறது. கண் சரியாகத் தெரியாத மனுஷி. துணியைத் திரும்பவும் நனைத்துத் தேய்த்தார். அப்புறமும் இருக்கவே, விரலைத் துணிக்குள் விட்டு அழுத்தித் தேய்த்தார். எனக்குத் தோல் எரிந்தது. அழுதுகொண்டிருந்த பெண்களில் யாரோ, "அக்கா, விடுங்க. அது பச்சை" என்றார்கள்.

"பச்சையா? அப்ப இதை என்ன பண்றது?" என்றார் பெரியம்மா.

ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

பிறகு ஆளாளுக்கு வழி சொன்னார்கள். சுண்ணாம்பு வைத்துப் புண்ணாக்கிவிடு, ஆறும்போது போய்விடும் என்று ஒருத்தி. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையில் ஒருவர் திராவகம் தொட்டு எடுக்கிறாராம் என்று இன்னொருத்தி. என் அம்மா அதற்குள் காலமாகிவிட்டாள். அவள் மடியில் தலையை வைத்து வாங்கிக்கொண்டதைச் சுட்டெடுக்க எனக்கு மனம் வரவில்லை. மலைக்குப் போய் நின்றேன். பாதி வேட்டியும் பாதி சேலையுமாக நிற்கிற அம்மையப்பனிடம், "உன் திருநீத்தை வெச்சு இதை நான் மறைச்சுக்கறேன், அழிக்கச் சொல்லாதே" என்று கேட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து நெற்றி நிறையத் திருநீறு பூசாமல் வாசல் தாண்டியதில்லை.

வயிற்றுப்பாட்டுக்குத் தறிப்பட்டறைக்குத் தார் சுற்றப் போனேன். நூலைச் சின்னக் குழல்களில் ஏற்றிக் கொடுக்கிற வேலை அது. வெள்ளைச் சேலை அங்கே ஒரே நாளில் கறுத்துப் போகிறது என்று மாமியாரே சாம்பல் நிறத்திலும் மங்கின நீலத்திலும் சேலை கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார். பட்டறைக்குள் தகரக் கூரை. மதியத்துக்குள் வேர்வையில் திருநீறு கரைந்து புருவத்தில் வழிந்துவிடும். பொட்டு வெளியே வந்துவிடும். தறி ஓட்டுகிற ஒருவன் புதிதாக வந்தவர்களிடம், "அக்காவுக்குக் காலையில ஒரு கோலம், மத்தியானம் ஒரு கோலம்" என்று சொல்லிச் சிரிப்பான். எனக்குக் காது கேட்காதது மாதிரி குழலை மாற்றிக்கொண்டிருப்பேன். தறிச் சத்தத்தில் காது கேட்காமல் இருப்பது சுலபம்.

எங்கள் தெருவில் எதிர்வீட்டுக்காரி வாயாடி, கெட்டவள் இல்லை. எங்காவது கிளம்பும்போது நான் எதிரே வந்துவிட்டால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள்.

"உன்னையப் பாத்துட்டுப் போனா போற காரியம் ஆகுமா ஆகாதான்னே தெரியலையேடி. நெத்தி ஒண்ணு சொல்லுது, கழுத்து ஒண்ணு சொல்லுது."

"நீங்க கண்ணை மூடிக்கிட்டுப் போங்கக்கா" என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம். அவள் போன பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொள்வேன்.

கோயிலில் விளக்குப் பூசை நடந்தால் சுமங்கலிகள் ஒரு பக்கம் உட்காருவார்கள். அங்கே எனக்கு இடமில்லை என்று எனக்கே தெரியும். தூண் ஓரமாக என்னைப் போன்றவர்கள் உட்காருவார்கள். அங்கே போனால் வயதானவர்கள் கொஞ்சம் நகர்ந்துகொள்வார்கள். "ஒரு வழியா அழிச்சுப்போட்டு வந்து உக்காரு சாமி. பாக்கறவங்க எங்களையுமல்ல பேசறாங்க" என்று ஒரு ஆத்தா முகத்துக்கு நேரே சொன்னார். அதிலிருந்து நான் பூசைக்கு வெளியே, செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். சாமிக்கு அங்கிருந்து கும்பிட்டாலும் தெரியும். பேச்சுத் துணைக்குத்தான் ஆளில்லை. மாமியாரும் இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்தார். வீட்டில் நானும் மகளும்தான்.

மகள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்து முடித்து, டவுனில் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். நன்றாகப் படித்தாள், குரல் நன்றாக இருந்தது. நான் ஐந்தாவதோடு நின்றவள். அவள் புத்தகத்தைத் திறந்தால் விளக்கைத் துடைத்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவேன், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் போனதில்லை. அவள் கூப்பிட்டதும் இல்லை.

ஏழாவது படிக்கும்போது ஒரு நாள், தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டாள்.

"அம்மா, ஆண்டு விழாவுக்கு நீ வரோணும்."

"நான் எதுக்கு சாமி அங்கெல்லாம்?"

"எல்லாப் புள்ளைங்க அம்மாவும் வர்றாங்க. வாசல்ல நின்னு பன்னீர் தெளிக்கறதுக்கு, சந்தனம், குங்குமம் கொடுக்கறதுக்கு என்னையத்தான் டீச்சர் நிக்கச் சொல்லியிருக்காங்க. நீ வராட்டி கேப்பாங்க."

"சரி அம்மிணி, வாரேன்."

பின்னல் முடிகிறபோது, தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"திருநீறு வெக்காத வா."

என் கை நின்றுவிட்டது. இத்தனை வருடமாக ஊரே அழி, மறை என்று சொன்னது. மறைக்காதே என்று ஒரு வாய் சொல்லி அன்றைக்குத்தான் கேட்கிறேன். அதுவும் என் பிள்ளையின் வாய். ஏன் என்று கேட்டேன்.

"எல்லார்த்து அம்மாவும் பொட்டு வெச்சுட்டுத்தான் வருவாங்க. உனக்குத்தான் இருக்குதே. எதுக்கு அதை மறைக்கற?"

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மற்றவர்களைப் போல இருக்க ஆசை, வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் என் புத்திக்கு எட்டவில்லை.

விழா அன்று குளித்துவிட்டுச் சாமி படத்துக்கு முன் வெகுநேரம் நின்றேன். திருநீறு இல்லாமல் வாசலைத் தாண்டினால் மலையில் சொன்ன சொல் என்ன ஆவது? பூசிக்கொண்டு போனால் பிள்ளை முகம் என்ன ஆவது? கடைசியில் தொண்டையிலும் இரண்டு கையிலும் பூசிக்கொண்டேன். ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டேன். நெற்றிக்கு மட்டும் வைக்கவில்லை. தெருவில் நடக்கும்போது நெற்றியில் காற்றுப் பட்டது எனக்குக் கூசியது. எதிர்வீட்டுக்காரி வாசல் திண்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், "அடடே, இன்னிக்கு நெத்தி பளபளங்குது! யாரைப் பாக்கப் போற?" என்றாள். "எம் புள்ளையைத்தானுங்க" என்று சொல்லிவிட்டு வேகமாகப் பஸ்ஸுக்குப் போனேன்.

பள்ளிக்கூட வாசலில் மகள் பாவாடை தாவணியில் நின்றுகொண்டிருந்தாள். தாவணி யாரிடமோ இரவல் வாங்கியது, கொஞ்சம் பெரிது. கையில் தட்டு. தட்டில் சந்தனக் கிண்ணம், கற்கண்டு, குங்குமச் சிமிழ். பக்கத்தில் இன்னொரு பெண் பன்னீர்ச் செம்போடு. பின்னால் ஒரு டீச்சர். என்னைப் பார்த்ததும் மகள் கண் முதலில் என் நெற்றிக்குத்தான் போனது. பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள். அப்படி அவள் மலர்ந்து நான் பார்த்து ரொம்ப நாளாயிருந்தது.

"எங்கம்மா, டீச்சர்."

"வாங்கம்மா, வாங்க. நல்லாப் பாடறா உங்க பொண்ணு. குங்குமம் எடுத்துக்குங்க."

மகள் தட்டை என் முன் நீட்டினாள். சிமிழில் குங்குமம் குவிந்திருந்தது. அதைத் தொட்டு ஏழெட்டு வருடம் இருக்கும். எனக்குப் பின்னால் நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். நான் கற்கண்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

"குங்குமம் எடுத்துக்கலீங்களா?" என்றார் டீச்சர்.

"எனக்குத்தான் பச்சை இருக்குதுங்களே டீச்சர்" என்றேன்.

"ஓ, பச்சை குத்தினதுங்களா!" என்று டீச்சர் குனிந்து பார்த்தார். "எங்க பாட்டி காலத்துல குத்துவாங்க. இப்பெல்லாம் யாரு குத்தறாங்க? பாக்கறதுக்குப் பட்டிக்காடாட்டம் இருக்குதுன்னு விட்டுட்டாங்க." கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பன்னீர்ச் செம்பு வைத்திருந்த பெண் களுக்கென்று சிரித்தாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் உள்ளே போய்விட்டேன்.

பந்தலில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். ஓரமாகப் பார்த்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா, என் வயதுதான், தலை நிறைய மல்லிகை. நான் இன்னாருடைய அம்மா என்று தெரிந்ததும் சிரித்துக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தாள். அவள் மகளும் என் மகளும் ஒரே பெஞ்சாம். தன் தலையிலிருந்த சரத்தில் ஒரு துண்டைக் கிள்ளி என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்க, வெச்சுக்குங்க."

"வேண்டாமுங்க."

"அட, புடிங்க. ஊட்டுக்காரரு வெளியூர்ல இருந்தா பூ வெக்கக் கூடாதுன்னு எவ சொன்னா? எங்கவரு ஒரிசாவுல கெடக்கறாரு. நான் வெக்கலையா?" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். "உங்கவரு ராஜஸ்தான் பக்கமாமே. எம் புள்ள சொல்லுச்சு. போன மாசம் ஒட்டகப் படம் போட்ட சேலை வாங்கியாறேன்னு சொல்லியுட்டிருக்காராம். இந்தத் தீவாளிக்காவது வருவாருங்களா?"

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. திருநீறு வைக்காமல் வா என்றதும், வாசலில் முதலில் நெற்றியைப் பார்த்ததும். டவுனில் எங்களைத் தெரிந்தவர்கள் யாருமில்லை. அப்பா ரிக்கில் போயிருக்கிறார் என்று ஒரு பிள்ளை சொன்னால் எங்கள் பக்கத்தில் யார் சந்தேகப்படுவார்கள்? வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் அங்கேதான் இருந்தார்கள். அந்தச் சொல்லுக்குச் சாட்சி சொல்லத்தான் என் நெற்றியைக் கூப்பிட்டிருக்கிறாள்.

அந்த அம்மா பூவை நீட்டியபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் பிள்ளை தலை நிமிர்ந்து திரிவாள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வருடம் தவறாமல் அவர் திதிக்குக் காவிரிக்குப் போய் எள்ளும் தண்ணீரும் விட ஆள் பிடித்துச் செய்துவிட்டு வருகிறேன். அந்த மனுஷன் உயிரோடு இருக்கிறார், தீபாவளிக்கு வருவார் என்று சொன்னால், அந்த எள்ளுக்கும் தண்ணீருக்கும் கை நீட்டுகிறவர் யார்? என் நாக்கு எழவில்லை.

"அவரு இல்லீங்க" என்றேன். "மஞ்சக் காமாலையில தவறிட்டாரு. புள்ள சின்னதா இருக்கறப்பவே."

அவள் என் நெற்றியைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். "அப்பறம் இது…?"

"பச்சைங்க. எங்கம்மா குத்துனது."

"அய்யோ சாமி" என்றாள் மெதுவாக. கிள்ளிய பூவைத் திரும்பத் தலையில் வைக்கவும் முடியாமல், கீழே போடவும் முடியாமல் கையிலேயே வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து யாரையோ பார்க்க வேண்டும் என்று எழுந்து முன் வரிசைக்குப் போனாள். பெஞ்சில் என் பக்கத்து இடம் விழா முடிகிறவரை காலியாகவே இருந்தது. மகள் மேடையில் தேவாரம் பாடினாள். அழகாகப் பாடினாள். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துச் சிரித்தாள். இன்னும் அவளுக்குத் தெரியாது.

மறுநாள் தெரிந்துவிட்டது. சாயங்காலம் வந்து பையை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சோறு வேண்டாம் என்றாள். அடுத்த நாளும் அப்படியே. என்ன என்று கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். பிறகு பஸ்ஸில் பேசிக்கொண்டதைக் கேட்டுவந்த அடுத்த தெருப் பிள்ளை ஒன்று சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, வகுப்பில் அவளைப் 'பச்சைப்பொட்டு' என்று கூப்பிடுகிறார்களாம். உங்கப்பா எந்த ஊர்ல போர் போடறாரு, எமலோகத்துலயா என்று ஒருத்தி கேட்டாளாம்.

அந்த வாரம் முழுக்க நானும் அவளும் ஒரு வீட்டுக்குள் இரண்டு வீட்டுக்காரர்கள் மாதிரி இருந்தோம். அவள் தட்டை அவளே கழுவி வைத்தாள், அவள் தலையை அவளே பின்னிக்கொண்டாள். கோணல் கோணலாக இருந்தது. பட்டறையிலிருந்து வருகிற வழியில் மலையைப் பார்த்தால் உச்சியில் விளக்கு எரியும். நான் பொய் சொல்லக் கூடாது என்றுதானே இருந்தேன், பிள்ளையை எதற்கு என்னிடமிருந்து பிரிக்கிறாய் என்று நடந்துகொண்டே கேட்பேன். அதற்கெல்லாம் சாமி உடனே பதில் சொல்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை மதியம், வாசலில் நிழலில் உட்கார்ந்து நூல் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்குச் சொன்ன?"

"இருக்கறாருன்னு சொல்ல வாய் வரல சாமி."

"நான் சொல்லச் சொன்னனா? சும்மா இருந்திருக்கலாமல்ல?"

நான் சிக்கை எடுத்துக்கொண்டே இருந்தேன். அவள் அழாமல், கணக்குச் சொல்லுகிற மாதிரி சொன்னாள்.

"மொதல்ல சும்மாதான் சொன்னேன். அப்பறம் அவளுக எல்லாம் கேக்கக் கேக்கச் சொல்லிட்டே இருந்தேன். எங்கப்பா உசரம், எங்கப்பா ராஜஸ்தான்ல ஒட்டகத்தைப் பாத்தாரு, அப்படின்னு. சொல்லச் சொல்ல எனக்கே அவரு எங்கியோ இருக்கற மாதிரி ஆயிருச்சு. பஸ்ஸுல வர்றப்ப ரிக்கு வண்டி போனா எட்டிப் பாப்பேன். நீதான் பொட்டை அழிக்கலையே. நெஜமாவே செத்திருந்தா அழிச்சிருப்பியேன்னு நெனைச்சேன்."

நூல் என் கையிலிருந்து நழுவிவிட்டது. சாவு வீட்டிலிருந்து அவளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பியது ஞாபகம் வந்தது. அவள் அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. அழிந்த நெற்றியோடு என்னையும் பார்க்கவில்லை. அவளிடம் அப்பா சாமிகிட்ட போயிட்டாரு என்றுதான் எல்லாரும் சொன்னோம். எங்களுக்குச் சாமி என்றால் மலைதான். மலைக்குப் போனவர் திரும்பி வருவார் என்றல்லவா ஒரு குழந்தை நினைக்கும்.

அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். முதலில் விறைப்பாக இருந்தாள். பிறகு தலையை வைத்தாள். எந்த ஊரில் அப்பாவுக்குக் காமாலை வந்தது என்று கேட்டாள். சொன்னேன். எப்படி வந்தார், லாரியிலா ரயிலிலா என்றாள். சொன்னேன். ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட்டார், என்னைக் கேட்டாரா என்றாள். கேட்டார் என்றேன், அது நிஜம். கையை நீட்டித் தரையிலிருந்து உயரத்தைக் காட்டி, இத்தனை வளர்ந்துட்டாளே, எங்க அவ என்று கேட்டார். காரியத்தன்று பெரியம்மா துணியால் தேய்த்ததைச் சொல்லும்போது அவள் விரலை என் நெற்றியில் வைத்துப் பொட்டை ஒரு தரம் தேய்த்துப் பார்த்தாள். நகத்தால் மெதுவாகச் சுரண்டினாள்.

பிறகு என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். தெருவே கேட்கிற மாதிரி, அப்பா அப்பா என்று அழுதாள். எதிர்வீட்டுக்காரி கையில் கரண்டியோடு ஓடி வந்து, "என்னடி, யாருக்கு என்ன?" என்று கேட்டாள். நான் கையால் ஒன்றுமில்லை என்று காட்டினேன். என்ன சொல்லுவது? எட்டு வருடம் கழித்து அவர் எங்கள் வீட்டில் இப்போதுதான் இறந்திருக்கிறார் என்றா?

எதிர்வீட்டுக்காரி நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், வாசலில் மறுபக்கம் உட்கார்ந்துகொண்டாள். சாவு வீட்டில் உட்காருகிற மாதிரி, காலை மடக்கி, தலையைக் குனிந்து. அடுப்பில் அவள் குழம்பு தீய்கிற வாசனை வந்தது. அவள் எழுந்து போகவில்லை.